மயிலைக்காளைப் பாட்டும் மாஞ்சோலை பஸ்ஸும்

சமதளத்தில் திருநெல்வேலி–பாபநாசம் ரூட்டை அலட்டாமல் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒருநாள் மேனேஜர் கூப்பிட்டார்.

"மலை ரூட்டுக்கு ஆள் இல்லைவே. மாஞ்சோலை வண்டியை எடும். சரியா வந்தா அங்கனயே நிரந்தரம். வரலைன்னா டிப்போவுக்குள்ள வண்டியை நகத்திக்கிட்டுக் கெடக்க வேண்டியதுதான்."

வீட்டில் மனைவியிடம் சொல்லவில்லை. மலை என்றாலே எனக்குப் பயம்.

முதல் ஏற்றம்

வண்டி நிறையத் தேயிலை எஸ்டேட் பெண்கள், சந்தைச் சாமான்களோடு. கண்டக்டர் இசக்கி அண்ணாச்சி அந்த மலையிலேயே பழுத்தவர். முதல் கொண்டை ஊசி வளைவில் இன்ஜின் ஆஃப் ஆகி, வண்டி பின்னால் கொஞ்சம் உருண்டது. ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் பிடித்தேன். ஸ்டீயரிங் வியர்வையில் வழுக்கியது.

திரும்பக் கிளப்பியதும் பின்னாலிருந்து பாட்டு கிளம்பியது, வண்டிமாட்டை மேட்டில் ஏற்றும்போது பாடுகிற பாட்டு.

"பைய ஏறு மயிலைக்காளை, பாதையெல்லாம் ஒனக்குத்தான்
மேட்டைத் தாண்டிப் போயிட்டா பருத்திக்கொட்டை ஒனக்குத்தான்"

மலையில் இன்ஜின் சத்தத்தைக் கேட்டுத்தான் கியர் மாற்ற வேண்டும். எரிச்சல் வந்தது.

"யம்மா, பாட்டை நிறுத்துங்க. இன்ஜின் சத்தம் காதுல விழ வேண்டாமா?"

நிறுத்திவிட்டார்கள். அடுத்த வளைவிலும் வண்டி நின்றது.

அண்ணாச்சி பக்கத்தில் வந்து குனிந்தார். "ஏலே, அவங்க பாடட்டும். பாடாட்டி வளைவுக்கு வளைவு வாந்தி எடுப்பாங்க. வண்டியைக் கழுவுதது யாரு, நீயா நானா?"

அது நியாயமாகப் பட்டது. பாடச் சொன்னேன். இரண்டு வளைவு தாண்டியதும் என் தோள் இறங்கியிருப்பதைக் கவனித்தேன். பாட்டில் 'ஒனக்குத்தான்' என்று இழுக்கும் இடத்தில் கை தானாக ஃபர்ஸ்ட் கியருக்குப் போனது. அப்புறம் மாஞ்சோலை வரைக்கும் வண்டி ஒரு இடத்திலும் நிற்கவில்லை.

இறங்கும்போது மாரியம்மாள் என்ற கொழுந்து பறிக்கிற அக்கா, அவித்த கடலையை ஒரு கை அள்ளி என் கையில் வைத்தார். மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எதற்கென்று புரியவில்லை. பசியில் தின்றுவிட்டேன்.

பாட்டு கூடவே வந்தது

மலை ரூட் நிரந்தரமானது. பல வருஷம் கழித்து, மகள் பிரசவ வார்டுக்குள் இருந்தபோது வராந்தாவில் நடந்துகொண்டே இதைத்தான் முணுமுணுத்தேன். "ஆஸ்பத்திரியில போய் மாட்டுப் பாட்டா" என்று மனைவி திட்டினாள். பேத்தி பிறந்ததும் அவளே அதைத் தாலாட்டாக்கிக்கொண்டாள்.

வளைகாப்பில்

நான் ரிட்டயர் ஆகிவிட்டேன். எஸ்டேட்டை மூடியதும் அங்கே வேலை பார்த்தவர்கள் மலையை விட்டு இறங்கிவிட்டார்கள். மாரியம்மாள் அக்கா இப்போது அம்பாசமுத்திரம் பக்கம் இருக்கிறார். போன மாதம் அவர் மருமகளுக்கு வளைகாப்பு. பந்தியில் உட்கார்ந்து பெருமை அடித்தேன்.

"பாட்டுப் பாட விட்டு ஒங்க வாந்தியை நிறுத்துனது நான்தானே அக்கா."

அக்கா சாம்பார் வாளியைக் கீழே வைத்துவிட்டார்.

"எங்களுக்கா வாந்தி? மலையிலயே பொறந்து வளந்தவங்க தம்பி நாங்க. கண்ணாடியில ஒங்க மூஞ்சியைப் பாத்தோம். வேர்த்து ஊத்துது. இந்தப் பிள்ளை பயப்படுதே, நம்ம எல்லாரு உசுரும் இது கையிலல்லா இருக்குன்னுதான் பாட ஆரம்பிச்சோம். நீங்க நிறுத்தச் சொல்லிட்டீங்க. அண்ணாச்சிதான் வாந்தின்னு ஒரு பொய்யைச் சொல்லி மறுபடி பாட வச்சாரு."

"அப்போ அந்தக் காளை?"

"நீங்கதான். கடலை குடுத்தேன்லா, மறந்துட்டீங்களா? மேடேறுன காளைக்குப் போடப் பருத்திக்கொட்டைக்கு நான் எங்க போவேன்?"

பந்தியே சிரித்தது. எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. என்னை நம்பி ஏறியவர்கள் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். என்னை ஏற்றிவிட்டதே அவர்கள்தான்.

மலை ரூட்டுக்குப் புதிதாக வருகிற தம்பிகளுக்கு ஒன்று சொல்வேன். பின்னால் யாராவது பாடினால் நிறுத்தச் சொல்லாதீர்கள். முதலில் கண்ணாடியில் உங்கள் மூஞ்சியைப் பாருங்கள்.