கல்யாணம் இல்லாமல் வந்த ஸ்பீக்கர் செட்

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் இருந்தவர்கள் நான், அம்மா, பதுளையிலிருந்து ஸ்பீக்கர் செட்டோடு வந்த முஸ்லிம் நானா. இல்லாதவன் என் கூட்டாளி. மூன்று நாளைக்கு முன்தான் குடும்பத்தோடு இந்தியாவுக்குக் கப்பல் பிடிக்க ரயிலேறியிருந்தான்.

ஏற்பாடே அவனுடையதுதான். தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் பங்களாவில் சமையற்கட்டு வேலை பார்த்தவன். துரை நாட்டைவிட்டுப் போகும்போது விற்ற சாமான்கள் பதுளைக் கடைவீதியில் ஒரு பழைய சாமான் கடையில் கிடந்தன. அவற்றுக்குள் துரையின் இங்கிலீஷ் இசைத்தட்டு ஒன்றை அவன் அடையாளம் கண்டுபிடித்தான். அட்டை மூலையில் தேத்தண்ணிக் கறை. "நான் ஊத்துனதுதான்டா" என்றான். ஆளுக்குப் பாதி போட்டு வாங்கினோம்.

எங்கள் வீட்டில் இங்கிலீஷ் படித்த முதல் ஆள் நான். அட்டையின் பின்பக்கத்தை வாசித்துச் சொன்னேன்: ஒரு ராக் குழுவில் பாடியவர், பிரிந்து வந்து தனியாகப் போட்ட முதல் தட்டு.

"அப்ப மத்தவங்கெல்லாம் எங்க?"

"அது போடல."

"பாவம்டா."

யாரைச் சொன்னான் என்று நான் கேட்கவில்லை.

லயத்தில் கரண்ட் கிடையாது. ஒரு தட்டைக் கேட்க வேண்டுமானால் யாராவது கல்யாணம் முடிக்க வேண்டும், இல்லாவிட்டால் கோயில் திருவிழா வர வேண்டும். அப்போதுதான் பேட்டரியோடு செட் வரும். அவன் போவதற்குள் ஒருதரமாவது சேர்ந்து கேட்டுவிட வேண்டுமென்று, இரண்டு பேருமாகப் பாதி பாதி போட்டு முழு வாடகையும் கட்டி செட்டுக்குச் சொல்லிவைத்தோம். அதற்குள் பயண நாள் முன்னால் வந்துவிட்டது. ஸ்டேஷனில், "சத்தமாப் போடச் சொல்லுடா, ராமேஸ்வரத்துக்குக் கேக்கணும்" என்று சிரித்தான். அவன் அம்மா அழுதுகொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்த நானா ஸ்பீக்கர் குழாயை மரத்தில் கட்டினார்.

"மாப்பிள்ள நீங்களா தம்பி?"

"கல்யாணமெல்லாம் இல்ல நானா. இந்த ரெக்கோட்டைப் போட்டா போதும்."

தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "போடுறேன். ஆனா மொதல்ல பிள்ளையார் பாட்டு. அது இல்லாம நான் செட்டத் தொடங்குனதே இல்ல."

பிள்ளையார் பாட்டு மலை முழுக்கக் கேட்டது. அதுதான் வினை. எங்கள் தட்டு சுழலத் தொடங்கியபோது மேல் டிவிசனிலிருந்தும் கீழ் டிவிசனிலிருந்தும் சனம் நல்லதாக உடுத்தி வந்துகொண்டிருந்தது.

"சொல்லாமக் கொள்ளாமக் கல்யாணமா? பொண்ணு எங்க?" என்றார் ஒரு அக்கா.

"பொண்ணு இல்லக்கா."

"அதான் ரெக்கோட்டுல இந்தாளு இந்தக் கத்து கத்துறானா!"

கூட்டமே சிரித்தது.

வந்தவர்களை வெறும் வாயோடு அனுப்ப அம்மா சம்மதிக்கவில்லை. கடையில் சீனியும் பால்மாவும் பிஸ்கட்டும் கடன் சொல்லி வாங்கி வந்தேன். தேத்தண்ணி கொடுத்து முடிப்பதற்குள் ஒரு பக்கம் ஓடிவிட்டது. மறுபக்கத்துக்குத்தான் உட்கார முடிந்தது. ஒற்றைக் கிட்டார், கரகரத்த குரல். ஓரிடத்தில் அந்தக் குரல் தழுதழுத்து நின்று மறுபடி எழும்பியது. "இந்த இடம் நல்லாருக்குல்ல" என்று பக்கத்தில் திரும்பினேன். முன்பின் தெரியாத ஒரு பெரியவர் பிஸ்கட்டைத் தேத்தண்ணியில் நனைத்துக்கொண்டிருந்தார்.

தட்டு பன்னிரண்டு, செட் நாற்பது, தேத்தண்ணிச் செலவு இருபத்து மூன்று. ஆக எழுபத்தைந்து ரூபாய். அதில் இருபத்தாறு அவனுடையது.