போலிஷ் கோழிகளுக்குப் புது இரத்தம்

நோபல் பார்க் வீட்டின் பின்வளவில் வரதராஜா வளர்த்தவை போலிஷ் இனக் கோழிகள். தலையில் பஞ்சுப் பொதியைக் கவிழ்த்ததுபோல இறகுக் கொண்டை. கண்காட்சியில் இரண்டு முறை பரிசு வாங்கியவை. தொழிற்சாலை விட்டு வந்தால் மனுசன் நேரே கூட்டுக்குத்தான் போவார். பெண்டாட்டி முகத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அந்தப் பெண்டாட்டி இராஜேஸ்வரி, அவருடைய தாய்மாமன் மகள். சொந்தம் விட்டுப்போகக் கூடாதென்று பெரியவர்கள் முடித்துவைத்த கல்யாணம். மெல்பேர்னுக்கு வந்த மூன்று வருடத்தில் இரண்டு பிள்ளைகளை மண்ணுக்குக் கொடுத்திருந்தாள். இரண்டாவது பதினொரு நாள் இருந்தது. ஏதோ விரதம் தவறிய குற்றம் என்று தன்னையே நொந்துகொண்டிருந்தவள், 1977 ஆவணியில் மூன்றாவதைச் சுமந்தாள். மாதம் ஆறு. அந்த வயிற்றோடும் வெள்ளிக்கிழமைகளில் பல்லில் பச்சைத் தண்ணீர் படாமல் கிடந்தாள், பாவி.

அந்த மாதம் அடைவைத்த பதினான்கு முட்டைகளிலும் குஞ்சுகள் ஓட்டுக்குள்ளேயே செத்தன. அவள்தான் குழி தோண்டிப் புதைத்தாள். மறு சனிக்கிழமை வரதராஜா நூறு மைல் கார் ஓடிப்போய் வேறொரு சேவல் வாங்கிவந்தார்.

"இருக்கிற சேவலுக்கு என்ன குறை?" என்று கேட்டாள்.

"எல்லாம் ஒரே இரத்தம், ராஜி. சொந்தத்துக்குள்ளயே சேர்த்துச் சேர்த்து வந்தது. உள்ளுக்குள்ள இருக்கிற பழுது ரெண்டு மடங்காகும். டொக்டரும் அதைத்தானே சொன்னவர்."

"கோழிக்கு எந்த டொக்டர்?"

சோற்றில் மறைத்த முழுப் பூசணிக்காய் வெளியே வந்துவிட்டது. இரண்டாவது பிள்ளை போனபோது ஆஸ்பத்திரியில் டொக்டர் அவரைத் தனியே கூப்பிட்டுப் பேசியதும், திரும்பி வந்து "எல்லாம் கடவுள் விட்ட வழியாம்" என்று அவர் சொன்னதும் அவளுக்கு நினைவுக்கு வந்தன.

"உனக்குச் சொன்னால் நீ உடைஞ்சு போவாய் எண்டு..."

"கோழிக்காக நூறு மைல் ஓடினனீங்கள்," என்றாள். "எனக்கு ஒரு சொல்லுச் சொல்ல வாய் வரேல்லை, என்ன?" அவளுக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது.

ஐப்பசியில் புதுச் சேவலின் குஞ்சுகள் பன்னிரண்டும் உயிரோடு வந்தன. அவர் கூப்பிட்டார். அவள் போய்ப் பார்க்கவில்லை.

கார்த்திகையில் பிறந்த பெண்குழந்தை நான்கு நாள் இருந்தது. டொக்டர் வந்து அறை வாசலில் நின்று வரதராஜாவைப் பார்த்தார். வழக்கம்போல அவரும் எழுந்தார்.

"நீங்கள் வெளியில நில்லுங்கோ," என்றாள் இராஜேஸ்வரி. "நான் கேக்கிறன்."