மெத்தையம்மாவுக்கு வந்த கெட்ட பெயர்

மெத்தை ஆலையில் தரம் பார்க்கும் பிரிவுக்கு அவள்தான் மேலாளர். ஆலை முழுக்க அவளுக்குப் பெயர் மெத்தையம்மா. ஒவ்வொரு சரக்கிலிருந்தும் ஒரு மெத்தையை உருவிப் போட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, மல்லாந்து படுத்துக் கண்ணை மூடுவாள். ஸ்பிரிங் எங்கே குத்துகிறது, பஞ்சு எங்கே பள்ளம் விழுகிறது என்று அவள் இடுப்பு சொல்லிவிடும். இடுப்பு ஒத்துக்கொண்டால்தான் மெத்தைக்கு முத்திரை. சும்மா சொல்லக் கூடாது, அப்படி ஒரு இடுப்பு லட்சத்தில் ஒருத்திக்குத்தான் வாய்க்கும்.

ஆலைத் தலைவர் ஓய்வு பெற்றுப் போனதும் அந்த நாற்காலிக்கு இரண்டு பேர் நின்றார்கள். ஒன்று இவள். இன்னொருவர் விற்பனை மேலாளர். அந்த மனிதருக்கு வாயும் நீளம், கையும் நீளம். ஒரு மதியம் இவள் வாயைப் பிளந்தபடி, ஒரு கால் வெளியே தொங்க, மெத்தையில் கிடந்ததைப் படம் பிடித்து அலுவலக வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். "மேடம் மும்முரமா வேலை பாக்கறாங்க" என்று கீழே ஒரு வரி வேறு. வெறும் வாயை மென்றுகொண்டிருந்தவர்களுக்கு அவல் கிடைத்தால் விடுவார்களா? சாயங்காலத்துக்குள் மெத்தையம்மா கும்பகர்ணி ஆகிவிட்டாள்.

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. முதுகைக் கொடுத்துச் சம்பாதித்த பெயர் அது. வீட்டுக்குப் போனதும் தங்கைக்குப் போன் போட்டாள். தங்கை ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிறவள், கேட்காவிட்டாலும் சொல்வாள்.

"அக்கா, உன் பேரை நீதான் காப்பாத்திக்கணும். இனிமே நீ படுத்து யாரும் பாக்கக் கூடாது. உக்காந்துகூடப் பாக்கக் கூடாது."

"உக்காரவுமா கூடாது?"

"ஆமா. கண்ணையும் ரொம்ப சிமிட்டாத."

மறுநாளிலிருந்து மெத்தையம்மா நின்றாள். கூட்டத்தில் நின்றாள், நின்றுகொண்டே சாப்பிட்டாள். கண்ணை அகல விரித்துக்கொண்டு அவள் நடந்த நடையைப் பார்த்து, "கண்ணுல தூசி ஏதும் விழுந்துடுச்சாம்மா?" என்று காவலாளி பரிதாபமாகக் கேட்டார். மெத்தைகளையும் நின்றபடியே உள்ளங்கையால் அமுக்கிப் பார்த்து முத்திரை குத்தினாள். உள்ளங்கைக்கு என்ன தெரியும், பாவம்?

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. அடுத்த வாரமே மெத்தைகள் லாரி லாரியாகத் திரும்பி வந்தன. ஒருத்தர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நேரிலேயே வந்து, "இது மெத்தையா, மாட்டு வண்டியா?" என்று கேட்டுவிட்டுப் போனார். முதலாளி கிடங்குக்கே வந்துவிட்டார். இரண்டு மேலாளர்களையும் கூப்பிட்டார்.

"இந்தப் படம் எனக்கும் வந்துச்சு. வேலை நேரத்துல தூங்கினீங்களாம்மா?"

விற்பனை மேலாளர் அக்கறையாக முகத்தை வைத்துக்கொண்டார். பெயரைக் காப்பாற்றிக்கொள்ளத் தங்கை சொன்னது நினைவு வர, 'இல்லவே இல்லைங்க' என்ற பொய் அவள் நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கினாள்.

"தூங்கினேங்க. நல்லாவே தூங்கினேன். எனக்குத் தூக்கம் வராத மெத்தைய நான் கடைக்கு அனுப்பினதே இல்ல. போன வாரம் நாலு பேர் சிரிக்கிறாங்கன்னு முழிச்சுக்கிட்டு நின்னேன். அந்த வாரத்துச் சரக்குதான் இதெல்லாம். இனிமே என்னைத் தூங்கறவள்னே சொல்லட்டும். எனக்கு அது பெருமைதான்."

முதலாளி கோட்டைக் கழற்றினார். திரும்பி வந்த மெத்தை ஒன்றில் படுத்தார். படுத்த வேகத்தில் "ஐயோ" என்று எழுந்தார். பக்கத்தில் அவள் தூங்கிப் பார்த்து முத்திரை குத்திய பழைய சரக்கு இருந்தது. அதில் சாய்ந்தார். அவர் முகம் மெல்லத் தளர்ந்தது.

"ஆலைப் பொறுப்பை நான் யார்கிட்ட குடுக்கப் போறேன்னா..."

அவ்வளவுதான். குறட்டை கிளம்பிவிட்டது.

விற்பனை மேலாளர் தவித்துப் போனார். "யாருன்னு சொல்லாமலே தூங்கிட்டாரே மேடம்? எழுப்பிடலாமா?"

மெத்தையம்மா குனிந்து வெளியே தொங்கிய முதலாளியின் காலை மெத்தைமேல் தூக்கி வைத்துவிட்டு, விளக்கை அணைத்தாள்.

"வேணாம் சார். எழுந்ததும் தலைவர் அறைக்கு அனுப்பி வைங்க. நான் அங்கதான் இருப்பேன்."