ஒரே கம்பியில் யார் முதலில்?

ஆலை இயந்திரங்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள ஒரே கம்பிதான் இருக்கும். எந்தச் செய்தி எப்போது போகலாம் என்று அதில் முறை வைத்துக் கொடுப்பது என் தொழில். இதே தொழிலில் மாட்டிக்கொண்டவர்களுக்குத் தெரியும், இயந்திரங்களால் நமக்குத் தலைவலி வந்ததே இல்லை.

எல்லாமே அவசரம்

மண்ணச்சநல்லூரில் ஓர் அரிசி ஆலை. எந்தச் செய்தி தாமதிக்கவே கூடாது என்று முதலாளியிடம் கேட்டேன். நெல்லின் ஈரம், பாய்லர் சூடு, மூட்டைக் கணக்கு, வாசல் கேமரா என்று எல்லாவற்றையும் சொன்னார். எல்லாமே முதலில் போக முடியாது என்றேன்.

"ஒயரு என்னோடது சார். என் ஒயர்ல நான் எதுக்கு வரிசையில நிக்கணும்?"

தீர்த்த வரிசை

மேனேஜர் ஸ்ரீரங்கத்துக்காரர். கோயிலில் யாருக்குப் பின் யாருக்குத் தீர்த்தம் என்பதைப் பார்த்தே வளர்ந்தவர். அந்தக் கண்ணோடு என் வரிசையைத் திருத்தினார். முதலாளி போனில் ஓடும் கேமராப் படங்கள் முதலில், தன் அறைத் திரை அடுத்து, பிறகு சூப்பர்வைசர். நெல் ஏற்றும் பெல்ட்டை நிறுத்துகிற சிவப்புப் பொத்தான் கடைசி. அதை அழுத்தப்போவது பெல்ட்டடியில் கூட்டுகிற ராணிதானே என்பது அவர் கணக்கு. ராணியின் கை உள்ளே போனால் என்ன ஆகும் என்று கேட்டேன்.

"க்ரமம்னு ஒண்ணு இருக்கோன்னோ? அவளுக்கும் உண்டு, கடைசில உண்டு."

கத்துவதற்கான நேரம்

இந்த வரிசைக்குக் கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். ராணிக்காக மறுத்தேனா, பின்னால் பழி வராமலிருக்க மறுத்தேனா என்று எனக்கே நிச்சயமில்லை. என்ன சார் முகம் இப்படி இருக்கு என்று ராணியே வந்து கேட்டார். பொத்தானை அமுக்கினாலும், படமெல்லாம் போன பிறகுதான் பெல்ட் நிற்கும் என்று விளக்கினேன்.

"நிக்கிற வரைக்கும் கத்தணுமா சார், இல்ல கத்துனாத்தான் நிக்குமா?"

சோதனை ஓட்டம்

என் கையெழுத்து வேண்டுமானால் மேனேஜரின் வரிசையை எல்லோர் முன்னாலும் ஓட்டிப் பார்க்கலாம் என்றேன். முதலாளி போனைப் பார்த்தபடியே பெல்ட்டின் மேல் குனிந்தார். தோள் துண்டின் நுனி உருளையில் மாட்டியது. ராணி அந்தக் கணமே பொத்தானை அமுக்கினார். போனில் வாசல் கேமரா பளிச்சென்று ஓடியது, பெல்ட்டும் ஓடியது. முதலாளி துண்டை விட்டுவிட்டு மல்லாக்க விழுந்தார். துண்டு முழுசாக உள்ளே போன பிறகுதான் பெல்ட் நின்றது.

எழுந்ததும் சிவப்புப் பொத்தானை முதலிடத்துக்கு ஏற்றச் சொன்னார். அதுவே க்ரமம் என்றார் மேனேஜர். சிதறிய நெல்லைக் கூட்டிக்கொண்டே ராணி என்னிடம் சொன்னார்:

"மாட்டினது முதலாளி துண்டா போச்சு. என் சேலையா இருந்தா, பொத்தான் இன்னும் கடைசியிலதான் நிக்கும்."

இப்போதெல்லாம் எந்த ஆலைக்குப் போனாலும், கம்பியைப் பார்ப்பதற்கு முன் முதலாளி தோளில் துண்டு இருக்கிறதா என்றுதான் பார்க்கிறேன்.