தைத்து வந்த பார்சல்

யாராவது விமானத்தில் துபாய் போகிறார்கள் என்று தெரிந்தால் போதும், புன்னைக்காயலில் எங்கள் தெருவே பார்சலோடு வந்து நிற்கும். பழைய வேட்டித் துணியில் சுற்றி, வாயைத் தைத்துத் தருவார்கள். தையலைப் பிரித்தால், தந்தவரைத் திருடர் என்று சொன்ன மாதிரி. எனக்கு அந்தத் தாட்சண்யமெல்லாம் கிடையாது. முதல்முதலாக வெளிநாட்டு வேலைக்குக் கிளம்புகிறேன். பெட்டியில் ஏதாவது பிடிபட்டால் கம்பி எண்ணப் போவது நான்தானே?

எதிர்வீட்டு மதினியும் ஒன்று கொண்டுவந்தாள். அவள் மகன் அங்கே மீன்பிடிப் படகில் வேலை பார்க்கிறான்.

“உள்ள என்ன மதினி?”

“கருவாடுதான். பிரிச்சிராதீங்க தம்பி, வாடை வந்துரும்.”

கருவாடு என்றால் பிரிக்காமலே வாடை வருமே. மூக்கருகே வைத்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை. அமுக்கினால் குழாய் மாதிரி ஏதோ தட்டுப்பட்டது. எங்கள் கடற்கரையில் என்னென்ன கள்ளத்தனமாகப் படகேறுகிறது என்று எனக்குத் தெரியாதா? எவனோ இந்த அப்பாவியின் கையில் எதையோ திணித்துவிட்டான் என்றே நினைத்தேன். அவள் போனதும் பிளேடால் தையலை அறுத்தேன்.

சிவப்புக் குழல் ஒன்று. போட்டில், அதாவது விசைப்படகில், போகிறவர்கள் பிளேர் என்பார்கள். நடுக்கடலில் ஆபத்து என்றால் கொளுத்திப் பிடிப்பது. உள்ளே பட்டாசு மாதிரி மருந்து. பெட்டியில் தீப்பெட்டி வைத்தாலே விமானத்தில் ஏற்றமாட்டார்கள்!

கோபம் தலைக்கேறி அவள் வீட்டுக்குப் போனேன்.

“என்னைய ஜெயிலுக்கு அனுப்பப் பாக்கியளா மதினி? கருவாடுன்னு பொய் சொல்லுதிய!”

அவள் மறுக்கவில்லை.

“நெசத்தைச் சொன்னா கொண்டு போவியளா? இது அவன் அப்பாவோடது. அன்னைக்கு இதை வீட்லயே வச்சிட்டுப் போயிட்டாவ.”

அவள் கணவர் கடலுக்குப் போய்த் திரும்பாதது தெருவுக்கே தெரியும். இது வீட்டில் இருந்துவிட்டது யாருக்கும் தெரியாது. இதை விமானத்தில் கொண்டுபோகவே முடியாது என்று மெதுவாகச் சொன்னேன்.

அங்கேயே நின்று அவள் மகனுக்குப் போன் போட்டு, அவன் படகில் இருக்கும் பிளேர்களைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் வந்தது. மதினியிடம் காட்டினேன். இப்போது அவள் என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள்.

“இது அவன் போட்டுதானா? என்னைச் சமாளிக்க வேற எதையும் காட்டலையே?”

“சத்தியமா அவன் போட்டுதான் மதினி.”

படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நேர்ல பாத்தா சொல்லுங்க தம்பி,” என்றாள். “கரையில வச்சிட்டுப் போயிரக் கூடாதுன்னு.”