பச்சைக் குறியை நம்பலாமா?

பினாங்குத் தீவின் சுங்கை பினாங் அடுக்குமாடியில் எங்கள் வீட்டுக்கு இரண்டு மாடி கீழே இருப்பவள் துணிகளுக்குப் பூத்தையல் போட்டுக் கொடுப்பவள். கணவர் அக்கரையில் பிறை ஊரிலுள்ள தொழிற்சாலைக்குக் கிளம்பியதும் அவளுடைய தையல் இயந்திரம் ஓடத் தொடங்கும். தைப்பூசத்துக்கு முந்தைய மாதங்களில் அதற்கு ஓய்வே கிடையாது. காவடியின் அடிப்பகுதியைச் சுற்றிக் கட்டும் வெல்வெட் துணிகளில் அவள் போட்டுத் தரும் தோகை விரித்த மயிலுக்கு இந்தத் தீவில் ஒரு மதிப்பு உண்டு. அந்த மயிலைக் கணினித் திரையில் இறகு இறகாக வரைந்தவள் அவளே.

ஒரு காவடிக்கு இருக்கும் அளவு இன்னொன்றுக்கு இருப்பதில்லை, நிறமும் அப்படித்தான். ஒவ்வொரு முறையும் மயிலைத் திறந்து, சுருக்கியோ விரித்தோ, நிறம் மாற்றித் தையல் இயந்திரத்துக்கு அனுப்ப வேண்டும். அதற்கென்று அவள் வைத்திருந்த மென்பொருள் பழையது. பென்டிரைவ் போன்ற ஒரு சிறு குச்சியைக் கணினியில் செருகினால்தான் அது முழுமையாக வேலை செய்யும். அவள் அந்தக் குச்சியைச் சாவி என்பாள். குங்குமச் சிமிழுக்குப் பக்கத்தில் வைத்திருப்பாள்.

கணினியும் பழையதாகிவிட்டது. சில காலைகளில் உயிர்வர மறுத்தது. உயிர்வந்த நாட்களில் பாதி இறகில் அணைந்தது. கணினிக் கடைக்காரர் புதியதை விலை குறைத்துத் தர ஒப்புக்கொண்டார், பழையதை அவரிடமே ஒப்படைத்துவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு. பழையது கைவிட்டுப் போய், புதியதில் அந்த மென்பொருள் ஓடாமல் போனால், மயில் வெறும் கோப்பாகக் கிடக்கும்; திறக்க வழியிருக்காது. ஏற்றுக்கொண்ட காவடித் துணிகள் எல்லாம் நின்றுபோகும்.

ஒரு சனிக்கிழமைக் காலை அவள் கைப்பேசியோடு மேலே வந்தாள்.

“அக்கா, இதப் பாருங்க. பச்சையா டிக் போட்டிருக்கான். எஞ் சாஃப்ட்வேரு புது சிஸ்டத்துல ஓடுமாம். ஓகேலா, கொண்டு போய்க் குடுத்துறவா?”

எந்த மென்பொருள் எந்தக் கணினியில் ஓடும் என்று சொல்லும் வலைத்தளம் அது. மேலே ஒரு கட்டம்; அதில் மென்பொருளின் பெயரை எழுதினால் கீழே பச்சை, மஞ்சள், சிவப்பு ஆகிய மூன்றில் ஒரு குறி வரும். என்னை அவள் தேடி வந்ததற்குக் காரணம் கணினி அறிவு அன்று. அது எனக்குச் சொற்பம். நூலகத்தில், வருவோர் கேட்கும் கேள்விகளுக்கு ஆதாரம் தேடிக் கொடுக்கும் மேசையில் நெடுங்காலம் இருந்தவள் நான். ஒரு நூல் கைக்கு வந்தால் அதன் கதைக்குப் போகுமுன் யார் எழுதினார், யார் வெளியிட்டார், எப்போது திருத்தினார் என்று பார்க்கும் பழக்கம் ஓய்வு பெற்ற பின்னும் என்னை விட்டபாடில்லை.

“உக்காரு. முதல்ல இவங்க யாருன்னு பாப்போம்,” என்றேன்.

“பொண்ணு பாக்க வந்த மாதிரிப் பேசுறீங்களே!”

தளத்தின் அடியில் ‘எங்களைப் பற்றி’ என்ற பக்கம் இருந்தது. தொழில்நுட்பத்தில் பேரார்வம் கொண்ட குழுவினர் என்று எழுதியிருந்தார்கள். அந்தக் குழுவில் ஒருவருக்கும் பெயரில்லை, ஊரில்லை. அவளுடைய மென்பொருளைப் பற்றிய பக்கத்தில் ‘இன்று சரிபார்க்கப்பட்டது’ என்றிருந்தது. அது எனக்கு மகிழ்ச்சி தந்தது. மறுநாள் திறந்தபோதும் இன்று என்றே இருந்தது. அதற்கடுத்த நாளும் அப்படியே. தினமும் யாரோ ஒருவர் உட்கார்ந்து இந்தப் பூத்தையல் மென்பொருளைச் சோதிக்கிறார் என்று நம்பும் அளவுக்கு நான் வெகுளியல்ல.

வேறு சில மென்பொருள்களின் பக்கங்களையும் திறந்து வரிக்கு வரி ஒப்பிட்டேன். கட்டட வரைபடத்துக்கு ஒன்று, இசைக் குறிப்பு எழுத ஒன்று, பல் மருத்துவர்களுக்கு ஒன்று. எல்லாவற்றுக்கும் ஒரே புகழுரை. பெயர் மட்டும் மாறியிருந்தது. எனக்கு அப்போது எழுந்தது கோபமல்ல, ஆவல். விடை தெரிந்த கேள்வி ஒன்றை இதனிடம் கேட்டால் என்ன சொல்லும்?

அவளைக் கூப்பிட்டு அருகில் வைத்துக்கொண்டு, உலகில் இல்லாத ஒரு மென்பொருளின் பெயரைக் கட்டத்தில் எழுதினேன். மதியத்துக்கு அடுப்பில் ரசம் கொதித்துக்கொண்டிருந்ததால் ‘ரசம் ஸ்டூடியோ 9’ என்ற பெயர் தானாக வந்தது.

பச்சைக் குறி விழுந்தது. ரசம் ஸ்டூடியோ 9 புதிய இயங்குதளத்தில் மிகச் சிறப்பாக இயங்கும். எனினும் போதிய நினைவகம் தேவை என்று தளம் அறிவுறுத்தியது. நான் அதை அவளுக்குத் தமிழில் வாசித்துக் காட்டினேன்.

“ரசத்துக்கு மெமரியா வேணும்? புளி வேணும்லா!” அவள் சிரித்துச் சிரித்து இருமினாள். பிறகு சிரிப்பு மெல்ல வடிந்தது. “அப்போ எனக்குப் போட்ட பச்சையும் இதே பச்சைதானாக்கா?”

அதே பச்சைதான். அவள் கைப்பேசியை மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

“ஆனா நான் கோயில்ல பூக் கட்டிப் பாத்தேன்கா. செவப்புதான் வந்துச்சு. செவப்பு வந்தா நல்லது.”

நான் மாதா கோயிலுக்குப் போகிறவள். எங்களிடம் பூக் கட்டிப் பார்க்கும் வழக்கமில்லை. ஆயினும் அவளோடு சென்று கண்டிருக்கிறேன். சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு பூக்களைத் தனித்தனியே இலையில் மடித்துக் கட்டி அம்மன் முன் போட்டு, ஒன்றை எடுத்துப் பிரிப்பார்கள். அந்த நேரத்தில் அவள் முகத்தில் இருக்கும் அடக்கத்தை நான் எந்தக் காலத்திலும் கேலி செய்ததில்லை.

“அம்மன்கிட்ட என்னன்னு கேட்ட?”

“கம்ப்யூட்டர் வாங்கலாமான்னு.”

“சாஃப்ட்வேர் ஓடுமான்னு கேக்கலையா?”

“ஐயோ, அம்மாகிட்டப் போயி வெர்ஷன் நம்பரெல்லாம் எப்படிக்கா சொல்றது?” என்றவள் என்னை ஓரக்கண்ணால் பார்த்தாள். “நீங்க உங்க மாதாகிட்டயும் ரசம் ஸ்டூடியோன்னு பொய்ப் பேரு சொல்லி டெஸ்ட் பண்ணுவீங்களோ?”

ரசம் கொதித்தது போதும் என்று அடுப்பை அணைக்கப் போனேன்.

தளத்தை அத்தோடு மூடியிருக்கலாம். மூடவிடாமல் செய்தது பழைய தொழிலின் இன்னொரு பழக்கம்: நூல் பொய்யானாலும் ஓரத்தில் வாசகர் எழுதிய குறிப்பைப் படிக்காமல் அதை அலமாரிக்குத் திருப்பியதில்லை. அவளுடைய மென்பொருள் பக்கத்தின் கடைசியில், விளம்பரங்களுக்கெல்லாம் கீழே, பயனர் கருத்துகள் சில கிடந்தன. ‘அருமை’, ‘நன்றி’, எடை குறைக்கும் மருந்து விற்கும் ஒருவர். அவற்றுக்கு நடுவே தடுமாறும் ஆங்கிலத்தில் ஒருவர் எழுதியிருந்தார். ஆணா பெண்ணா தெரியவில்லை. அதன் சாரம் இது:

‘திறக்கிறது. படமும் தெரிகிறது. அதற்குள் மகிழ வேண்டாம், சேமித்துப் பாருங்கள். சாவியைச் செருகியபடியே கணினியைத் தொடங்கினால் அது சாவியை அறியாது. கணினி முழுவதும் எழுந்த பிறகு செருகுங்கள். சிறிய பூக்கள் நன்றாகத் தைக்கின்றன. பெரிய வடிவங்களை நான் சோதிக்கவில்லை.’

கடைசி வாக்கியத்தை நான் இருமுறை படித்தேன். தளம் முழுவதிலும் தனக்குத் தெரியாதது ஒன்று உண்டு என்று சொல்லிய ஒரே குரல் அதுதான். அந்தத் தளம் நம்பத்தக்கதா என்று கேட்டால் இல்லை என்பேன். பயனுள்ளதா என்று கேட்டால், அந்த ஆறேழு வரிகளுக்காக ஆம் என்றே சொல்ல வேண்டும். இவ்விரண்டும் ஒன்றென்றே அதுவரை நினைத்திருந்தேன். நல்ல நூல்களின் நடுவிலேயே இருந்துவிட்டதால் வந்த நினைப்பாக இருக்கலாம்.

அவளிடம் சொன்னபோது அவளுக்கு ஒன்றுதான் தைத்தது.

“எம் மயிலு பெருசுக்கா.”

“அதனாலதான் கடையிலயே பாத்துடுவோம்னு சொல்றேன். பழசக் குடுக்குறதுக்கு முன்னாடி.”

கடைக்காரர் சீனர், நம்மவரோடு பழகிப் பழகிப் பாதித் தமிழ் பேசுவார். மென்பொருளைப் புதிய கணினியில் ஏற்றிக் கொடுத்தபடி, “கேன் லா, அக்கா. நியூ கம்ப்யூட்டர், எல்லாம் கேன், முடியும்,” என்றார். அவள் சாவியைச் செருகினாள். அவர் கணினியை மறுபடி தொடங்கினார். மயிலைத் திறந்ததும் திரை நிறையத் தோகை விரிந்தது. அவள் என் முழங்கையைப் பிடித்த பிடியில் வளையல் அழுந்தியது. கடைக்காரர் சிரித்துக்கொண்டே பழைய கணினியின் பக்கம் கை நீட்டினார்.

“இருங்க தவுக்கே,” என்று முதலாளியைத் தடுத்தேன். “சேவ் பண்ணணும்.”

சேமிக்கச் சொன்னோம். சாவி இல்லை என்றது திரை. அவள் சாவியைத் தொட்டுப் பார்த்தாள். அது செருகியபடியேதான் இருந்தது. கடைக்காரர் இன்னொரு துளையில் செருகினார். இல்லை. அவள் பழைய கணினியை மெல்லத் தன் பக்கம் நகர்த்திக் கைப்பையை அதன்மேல் வைத்துக்கொண்டதை நான் கண்டேன்.

முகம் தெரியாத அந்த ஒருவர் சொன்னபடி சாவியை உருவிவிட்டுக் கணினியை அணைத்து மறுபடி தொடங்கச் சொன்னேன். அது முழுவதும் எழும்வரை காத்திருந்தோம். கடைக்காரருக்கு அவசரம், அவள் சாவியை உள்ளங்கையில் மூடி வைத்திருந்தாள்.

“இப்பயாக்கா?”

“இன்னும் சுத்துது. பொறு.”

சுழலும் வட்டம் நின்றது. செருகினாள். சேமித்தது.

“யூ சீ? நான் சொன்னது கேன்!” என்றார் கடைக்காரர்.

“சேவ் ஆயிருச்சு தவுக்கே. தைக்கணும்ல? வீட்டுல பெரிய மயிலு தைச்சுப் பாத்துட்டுத்தான் பழசக் கொண்டாருவேன்,” என்றாள் அவள்.

“யூ என்னை டிரஸ்ட் பண்ணலையா?”

“உங்கள நம்புறேன். கம்ப்யூட்டரத்தான் நம்பல. அதோட பேசுறது சூசா, பெரிய கஷ்டம். சேவ் பண்ணுன்னா சாவி இல்லங்குது.”

அவர் தலையில் கை வைத்தாலும் முகம் சுளிக்கவில்லை. நாளைக்குப் பழையதோடு கட்டாயம் வர வேண்டும் என்று மட்டும் சொல்லி, இரண்டு கணினிகளையும் கொடுத்து அனுப்பினார்.

மறுநாள் நான் டத்தோ கிராமாட் பக்கம் பாசாரில் என் சிறு தள்ளுவண்டியோடு மீன் வாங்க நின்றிருந்தபோது கைப்பேசி ஒலித்தது. எடுத்தேன், பேச்சே இல்லை. சடசடவென்ற ஒலி மட்டும் கேட்டது. கைப்பேசியைத் தையல் இயந்திரத்தின் பக்கத்தில் வைத்திருக்கிறாள் என்று புரிய ஒரு கணம் ஆனது.

“ஒண்ணும் பேசாதீங்கக்கா. கேளுங்க,” என்றாள் தூரத்திலிருந்து. “கழுத்து முடிஞ்சிருச்சு. தோகை ஓடுது.”

மீன்காரர் என்ன வேண்டும் என்று சைகையில் கேட்டார். நான் சற்று விலகி, ஐஸ் பெட்டிகளின் ஓரம் நின்றேன். நூல் மாறுமிடங்களில் இயந்திரம் நிற்கும், அவள் நிறத்தைச் சொல்லிக்கொண்டே நூல் கோப்பாள், மறுபடி ஓடும். நீலம், பிறகு பச்சை, பிறகு பொன். பொன் நிறத்தில் ஒலி நெடுநேரம் சென்றது. ஊசி நெருக்கமாக இறங்குகிறது என்று நினைத்துக்கொண்டேன். திடீரென நின்றது.

இம்முறை அவள் நிறம் எதுவும் சொல்லவில்லை.

“என்ன ஆச்சு?” என்றேன். “அம்மாடி, என்ன ஆச்சுன்னு கேக்குறேன்!”

“நிக்கலக்கா,” என்றாள். “முடிஞ்சிருச்சு. எல்லா இறகும் வந்திருச்சு. துணியத் திருப்பிப் பாத்துட்டிருந்தேன்.”

நான் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் அவள் அடுத்த வேலைக்குப் போய்விட்டாள்.

“நீங்க பாசார்லதான இருக்கீங்க? அந்தத் தள்ளுவண்டியில மீன நெறைய வாங்கி ஈரமாக்கிறாதீங்க. வந்ததும் பழச ரெண்டு பேருமா அதுல ஏத்திட்டுப் போயி தவுக்கேகிட்டக் குடுத்துட்டு வந்துருவோம்.”