உத்திராடத்துக்குக் கிழக்கே

அந்த டெலஸ்கோப் மூடியிருக்கும்போது ஒரு சாண் நீளம். நான்கு அடுக்குகளையும் இழுத்துவிட்டால் மூன்று சாணுக்கு நாலு விரல் குறைவு. பித்தளைக் குழாய். பிடிக்கும் இடத்தில் தோல் சுற்றி, அந்தத் தோலில் பதினாறு தையல். கொத்தமங்கலத்தில் ஒரு பெரிய வீட்டைப் பிரித்தபோது கதவும் தூணும் போன வழியிலேயே அதுவும் வந்து, காரைக்குடியில் ஒரு பழம்பொருள் கடையில் எனாமல் தூக்குச்சட்டிகளுக்கு நடுவே கிடந்தது. பர்மாவுக்கோ பினாங்குக்கோ கப்பலில் போய்வந்த யாரோ ஒருவர் கரை தெரிகிறதா என்று பார்க்க வாங்கியிருப்பார். நான் வானம் பார்க்க வாங்கினேன். அப்போது நான் காரைக்குடியில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் புவியியல் ஆசிரியர். ஓய்வுபெற ஒரு வருஷம்தான் பாக்கி. சூரியனுக்கு ஒன்பது கிரகங்கள் என்று முப்பது வருஷத்துக்கு மேலாகக் கரும்பலகையில் எழுதி, அழித்து, மறு வருஷம் மறுபடி எழுதியவன். பத்தாவதாக ஒன்றை எழுத வேண்டும் என்று எனக்குள் ஓர் ஆசை இருந்ததை ஒருவரிடமும் சொன்னதில்லை. அதிலும் என் சகலையிடம் சொல்வதாகவே இல்லை.

சகலை என் மனைவியின் தங்கையைக் கட்டியவர். சிவகங்கையில் ஒரு கல்லூரியில் பௌதிக விரிவுரையாளர். என்னைவிட ஐந்து வயது இளையவர், நாலு விரல் அதிக உயரம். எங்கள் மாமனாருக்குக் குன்றக்குடிக்குப் பக்கத்தில் வயலும் வீடும். அந்த வீட்டுக்கு நான் சகலைக்கு ஆறு வருஷம் முன்பே மருமகனாகப் போனவன். அப்படியிருந்தும் மாமனார் அவரை 'மாப்பிள்ளை' என்றும் என்னை 'வாத்தியாரே' என்றும்தான் கூப்பிடுவார். "வாங்க மாப்பிள்ளை, வாங்க வாத்தியாரே" என்று இருவரையும் ஒரே மூச்சில் வரவேற்பார். அந்த வரிசை ஒரு தடவைகூட மாறியதில்லை. சகலையின் இலையில் ஐந்து வெள்ளைப் பணியாரம் விழுந்தால் என் இலையில் நான்கு விழும். மனைவியிடம் சொன்னால், "அவரு கேட்டு வாங்கித் திங்கிறாரு, நீக எண்ணிக்கிட்டு உக்காந்திருக்கீக" என்பாள். உண்மைதான். கேட்பது அவருக்கு எளிதாக வந்தது. சிரிப்பதும், யார் வீட்டுக் குழந்தையையும் தோளில் தூக்கிக்கொள்வதும், பெண்கள் நடுவே உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்வதும் அவருக்கு எளிதாக வந்தன. நான் அந்த வீட்டில் நாற்காலி நுனியில் உட்கார்ந்தே காலம் தள்ளியவன்.

எல்லாவற்றையும்விட எனக்கு எரிச்சலூட்டியது அவருடைய ஜாதகப் பித்து. பௌதிகம் படித்து, பௌதிகம் சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்குகிற மனிதர், மாமனார் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து ராசிக்கட்டம் போடுவார். அண்டை வீட்டுக்காரர்கள் ஜாதகத்தை மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். ஒரு பொங்கலன்று நான் எண்ணினேன், பதினான்கு பேர். "படிச்ச படிப்புக்கு இது அடுக்குமா?" என்று கேட்டேன். "கணக்குத்தானேண்ணே, போட்டுப் பார்க்கிறதுல என்ன குத்தம்? கேக்குறவுகளுக்கும் மனசு ஆறும்" என்றார். அவருக்குக் கோபம் வராது. அதுவும் எனக்குப் பிடிக்காது.

என்னுடைய வானம் பார்க்கும் முறை இது. மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் மணல் நிரப்பிய தலையணை உறையை வைத்து, அதன் மேல் குழாயை அழுத்திவிட்டால் ஆடாது. பார்வைக்குள் விழும் வட்டத்தில் எத்தனை நட்சத்திரம் என்று எண்ணுவேன். மனைவியின் வளையலைக் காகிதத்தில் வைத்து வட்டம் போட்டு, அதற்குள் புள்ளிகளைக் குறிப்பேன். பிறகு ஒரு நாள் அதே இடத்தை மறுபடி எண்ணுவேன். 1993-இல் ஆடி மாதம், தெற்கு வானத்தில், தனுசு ராசியில், உத்திராடத்துக்குச் சற்றுக் கிழக்கே ஒரு வட்டத்தில் பதினொன்று எண்ணினேன். அடுத்த வாரமும் பதினொன்றுதான். எண்ணிக்கை சரியாக இருந்ததால் குழாயை மூடப்போனேன். ஆனால் வட்டத்தின் நடுவில் இருந்த ஒன்று, லேசான பச்சை கலந்தது, ஓரத்துப் பக்கம் ஒதுங்கியிருந்தது. மற்ற பத்தும் அசையவில்லை. நட்சத்திரம் ஒரு வாரத்தில் நகராது. நகர்ந்தால் அது கிரகம்.

அவசரப்படவில்லை. புதன் சூரியனை விட்டு விலகாது. வெள்ளியும் செவ்வாயும் வியாழனும் சனியும் வேறு இடங்களில் இருந்தன, அவற்றை நான் வெறுங்கண்ணாலேயே அறிவேன். மிச்சம் யுரேனஸ். மதுரையில் வாங்கிய அந்த வருஷத்து ஆங்கிலப் பஞ்சாங்கத்தைப் பிரித்தேன். யுரேனஸ் மகர ராசியில் இருபதாவது பாகையில் என்று போட்டிருந்தது. என்னுடையது தனுசில். மகரத்தில் அந்த இடத்தைத் துழாவினேன், யுரேனஸ் அகப்படவில்லை. என் குழாய்க்கு எட்டவில்லை என்று விட்டுவிட்டேன். நெப்டியூனும் புளூட்டோவும் இன்னும் மங்கல், இவ்வளவு பளிச்சென்று தெரியாது. ஆகவே இது ஒன்பதில் எதுவுமில்லை.

அதன்பின் மூன்று வாரம் நான் இருந்த இருப்பை எழுதத் தெரியவில்லை. வகுப்பில் 'ஒன்பது கோள்கள்' என்று சொல்லும்போது வாய்க்குள் சிரித்தேன். பஸ் ஸ்டாண்டில் என்னை இடித்துக்கொண்டு போனவர்களை மன்னித்தேன். கிரகத்துக்கு என் பெயரையே வைக்கலாமா என்று யோசித்து, வெள்ளைக்காரர்களுக்கு வாயில் நுழையாது என்று கைவிட்டேன். மாமனார் முகம் எப்படி மாறும் என்பதை விதம்விதமாகக் கற்பனை செய்தேன். கொடைக்கானல் வானாய்வுக் கூடத்துக்கு எழுத வேண்டும். ஆனால் ஒரு புவியியல் வாத்தியார் எழுதினால் யார் மதிப்பார்கள்? பௌதிகம் தெரிந்த ஒருவர் பார்த்து, ஆமாம் என்று கையெழுத்துப் போட வேண்டும். எனக்குத் தெரிந்து அப்படி ஒரே ஓர் ஆள்தான் இருந்தார்.

ஒரு சனிக்கிழமை மாலை சகலை பஸ் பிடித்து வந்தார். இருட்டியதும் மாடிக்குப் போனோம். அவர் மண்டியிட்டுக் குழாயில் கண் வைத்தார். நான் ஐந்து காகிதங்களையும் வரிசையாகக் காட்டினேன். மறுபடி பார்த்தார். காகிதங்களை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்தார். அந்த நிதானத்தை நான் மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

"யுரேனஸ் எங்க இருக்குன்னு பார்த்தீகளாண்ணே?"

"மகரம் இருபது. பஞ்சாங்கத்திலேயே இருக்கு."

"அது இங்கிலீஷ் பஞ்சாங்கமில்ல? மேஷத்தை எங்குட்டு இருந்து எண்ணுனீக? நம்ம மேஷமா, அவுக மேஷமா?"

எனக்கு விளங்கவில்லை. அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். ராசிச் சக்கரத்தை வெள்ளைக்காரர்கள் எண்ணத் தொடங்கும் இடம் வேறு, நாம் தொடங்கும் இடம் வேறு. இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய இருபத்துநாலு பாகை. "அவுக கணக்குல இருபத்துநாலைக் கழிச்சாத்தான் நம்ம ராசி வரும். ஜாதகம் கணிக்கிறவன் மொதல்ல அதைத்தாண்ணே கழிப்பான்." ராசிக்கு முப்பது பாகை, மகரம் இருபதில் இருபத்துநாலு போனால் தனுசு இருபத்தாறு. உத்திராடத்துக்குச் சற்றுக் கிழக்கே. நான் கண்டது யுரேனஸ்தான். நான் கேலி செய்த ராசிக்கட்டத்தை ஒரு நாள் உட்கார்ந்து கற்றிருந்தால் தப்பித்திருப்பேன்.

"யாரிடமும் சொல்ல வேண்டாம்" என்றேன். "ஏன்ணே சொல்லப்போறேன்?" என்றார். சாப்பிடச் சொன்னோம், வேண்டாம் என்று கடைசி பஸ்ஸுக்குப் போய்விட்டார். கேட்டு வாங்கிச் சாப்பிடுகிற மனிதர் அன்று சாப்பிடாமல் போனது, தெருமுனை தாண்டியதும் சிரிப்பதற்காகத்தான் என்று முடிவு செய்தேன்.

இரண்டு வருஷம் அந்தப் பயத்திலேயே போயிற்று. மாமனார் வீட்டில் அவர் வாயைத் திறக்கும்போதெல்லாம் நான் பேச்சை வேறு பக்கம் திருப்புவேன். அவர் சொல்லவில்லை. சொல்லாமல் இருக்கும் பெருந்தன்மையும் சேர்ந்து என் கணக்கில் ஏறியது.

1995 தீபாவளிக்கு எல்லோரும் மாமனார் வீட்டில் கூடியிருந்தோம். சாயங்காலம், பலகாரத் தட்டுகள் சுற்றி வந்துகொண்டிருந்தன. சகலைக்கு நிலைகொள்ளவில்லை. சூரியனைப் போன்ற வேறொரு நட்சத்திரத்துக்கு ஒரு கிரகம் இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று ரேடியோவில் கேட்டிருக்கிறார். பூரட்டாதிச் சதுரத்தின் ஓரத்தில், மங்கலான ஒரு நட்சத்திரம். வியாழனில் பாதி கனத்துக்குக் குறையாத கிரகம், நாலே நாளில் ஒரு சுற்றுச் சுற்றிவிடுகிறதாம்.

"நாலு நாளைக்கு ஒரு வருஷமா?" என்றார் மாமியார். "அங்கிட்டுப் பொறந்திருந்தா தீபாவளிக்கு மாவு இடிச்சே செத்திருப்பேன்."

மாமனார் கேட்டார், "யாரு மாப்பிள்ளை கண்ணால பார்த்தது?"

"ஒருத்தரும் பார்க்கல மாமா. நட்சத்திரம் லேசா ஆடுது. முன்னால வருது, பின்னால போகுது. அப்ப ஏதோ ஒண்ணு பக்கத்துல நின்னு இழுக்குதுன்னு அர்த்தம். அந்த ஆட்டத்தை அளந்து சொல்லியிருக்காக."

எனக்கு அந்த நிமிஷம் யாரென்றே தெரியாத அந்த வெளிநாட்டுக்காரர்கள் மீதும் பொறாமை வந்தது. நான் கண்ணால் பார்த்தது ஒன்றுமில்லாமல் போயிற்று. அவர்கள் பார்க்காமலே கண்டுபிடித்துவிட்டார்கள்.

அப்போதுதான் என் மைத்துனன், மாமனாரின் ஒரே மகன், என் பக்கம் திரும்பினான். "என்னத்தான், நீகளும் வருஷக்கணக்கா மாடியில குழாயை வச்சுக்கிட்டுத் தவங்கிடக்கீக. அடுத்த வீட்டுத் தென்னையில எத்தனை காயின்னாவது எண்ணி முடிச்சீகளா?" கூடமே சிரித்தது. மாமனாரும் சிரித்தார்.

சகலை சிரிக்கவில்லை. "சிரிக்காதீக. அண்ணன் ஒரு கிரகம் கண்டுபிடிச்சாக" என்றார்.

என் தட்டைக் கீழே வைத்தேன். முடிந்தது என்று நினைத்தேன். அவர் எல்லாவற்றையும் சொன்னார், தலையணை உறை, வளையல், பதினொரு புள்ளிகள். இருபத்துநாலு பாகையை மட்டும் சொல்லவில்லை. "அது யுரேனஸ்தான். இருநூறு வருஷத்துக்கு முன்னாடி சீமையில ஒரு பாட்டு வாத்தியார் மொதல்ல பார்த்தாரு. அவரும் இன்னதுன்னு தெரியாமத்தான் பார்த்தாரு. அதே மாதிரி, ஒருத்தர் சொல்லாம, தானா எண்ணி, இது நட்சத்திரமில்லன்னு கண்டவுக நம்ம அண்ணன். நான் இத்தனை வருஷமா பௌதிகம் நடத்துறேன், ஒண்ணைக்கூட அப்படிப் பார்த்ததில்ல. சத்தியமாச் சொல்றேன், எனக்குப் பொறாமையா இருந்துச்சு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மாமனார் தொண்டையைச் செருமினார். எத்தனையோ வருஷமாக நான் காத்திருந்த சொல் வரப்போகிறது என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"பாத்தீகளா," என்றார் மாமனார், "நம்ம மாப்பிள்ளைக்கு எம்புட்டுப் பெரிய மனசு!"

கொஞ்ச நேரம் கழித்துச் சகலை மாடியில் தனியாக நின்று பூரட்டாதியைத் தேடிக்கொண்டிருந்தார். கீழே வெடிச் சத்தம், மேலே புகை. நான் ஏறிப்போய்ச் சண்டைக்காரனைப் போலக் கேட்டேன். "என்னைக் காப்பாற்றப் பொய் சொல்ல வேண்டிய அவசியம் என்ன?"

"பொய்யா?" அவர் திரும்பிப் பார்த்தார். "அன்னைக்கு உங்க வீட்டுல சாப்பிடாமப் போனேனே, தொண்டையில சோறு இறங்காதுன்னுதாண்ணே போனேன். பஸ்ஸுல அழுகையா வந்துச்சு. தப்புன்னு உங்ககிட்டச் சொன்னேன், சரி. ஆனா அதுக்கு முன்னாடி மூணு வாரம் இருந்துச்சுல்ல? உலகத்துலயே உங்களுக்கு மட்டும் தெரிஞ்ச கிரகம் ஒண்ணு மேல நின்னுச்சுல்ல? எனக்கு அப்படி மூணு நிமிஷம்கூடக் கிடைச்சதில்ல."

எனக்கும் உங்கள் மேல் பொறாமை என்று சொல்ல அதைவிடத் தோதான சமயம் வந்திருக்காது. உங்கள் சிரிப்பின் மேல், இலையில் விழும் ஐந்தாவது பணியாரத்தின் மேல், இந்த வீட்டில் உங்களுக்கு இருக்கும் பெயரின் மேல் என்று சொல்லியிருக்கலாம். சொல் வாய்வரை வந்தது. ஆனால் அவர் சொன்ன பிறகு நான் சொன்னால், அது மொய்க்கு மொய் செய்வது போலத்தான் இருக்கும். முதலில் சொன்னவர் அவர்தான் என்று ஆகிவிட்டது. "புகை நெஞ்சை அடைக்குது, கீழே போவோம்" என்றேன்.

அவர் இறந்து ஒன்பது வருஷம் ஆகிறது. கிரகங்களை இப்போது ஆயிரக்கணக்கில் சொல்கிறார்கள். பேப்பரில் வந்தவற்றை நான் முந்நூறு வரை விடாமல் எண்ணிவிட்டு நிறுத்திக்கொண்டேன். நம் ஒன்பதிலும் ஒன்றைக் குறைத்துவிட்டார்கள். புதிதாக ஒன்று வரும்போதெல்லாம் கண்டுபிடித்தவர்களின் படத்தைத்தான் முதலில் பார்க்கிறேன். ஊருக்குச் சொல்வதற்கு முன்னால் எத்தனை நாள் அதைத் தங்களுக்குள்ளேயே வைத்திருந்தார்கள் என்பதைச் செய்தியில் போடுவதில்லை. எனக்குத் தெரிய வேண்டியது அது ஒன்றுதான்.

போன மாதம் என் கொழுந்தியாள், சகலையின் மனைவி, வந்திருந்தாள். பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். "அவருக்கு உங்க மேல ஒரே பொறாமை அத்தான். கடைசி வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தாரு."

எத்தனை தடவை சொன்னார் என்று கேட்டேன். நான் விளையாட்டுக்குக் கேட்கிறேன் என்று நினைத்து அவள் சிரித்தாள்.